ரோலர் கோஸ்டர் வண்டியைத் தள்ளுவது எது?



கேளிக்கைப் பூங்காக்களில் மேடு பள்ளங்களின்மீது கூச்சலும் கும்மாளமுமாக ஓடும் ரோலர் கோஸ்டர் வண்டியை நீங்கள் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். செங்குத்தான இறக்கத்தில் பாய்ந்து, எதிர் மேட்டில் ஏறி, சில இடங்களில் தலைகீழாகவும் சுழன்று, புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வருகிறது. அந்த வண்டியில் எஞ்சின் எங்கே இருக்கிறது? நான் ஆசிரியனாக இருந்த நாட்களில் இக்கேள்வியை வகுப்பில் எழுப்பினால், முதற்பெட்டியின் மூக்குக்குள் இருக்கிறது என்றே பெரும்பாலான பிள்ளைகள் விடை கூறுவர். பார்ப்பதற்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் உலகில் ஓடும் ரோலர் கோஸ்டர்களில் மிகப் பலவற்றின் பெட்டிகளில் எஞ்சினும் இல்லை, மோட்டாரும் இல்லை.

எந்த இயந்திரத்தையும் அறிந்துகொள்ள இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதை இயக்குவது எது? அந்தச் சக்தி நடுவழியில் நின்றுபோனால் என்ன நேரும்? முதற் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பவரே பொறியியலாளர் ஆகிறார். அந்த வண்டியில் நீங்களோ உங்கள் தங்கையோ அமர்ந்திருக்கலாம் அல்லவா?

அமெரிக்காவில், நியூயார்க் நகரைச் சார்ந்த கோனி தீவின் கடற்கரையில், 1884 ஆம் ஆண்டில் லாமார்கஸ் தாம்ஸன் என்பவர் ஒரு விளையாட்டு ரயிலை அமைத்தார். இரு முனைகளிலும் இரண்டு உயர்ந்த மேடைகள். அவற்றினிடையே அலை அலையாக வளைந்து செல்லும் தண்டவாளம். பிரயாணிகள் படியேறி மேடையை அடைந்து வண்டியில் அமர்வார்கள். வண்டி தன் பாரத்தாலேயே உருண்டு மறுமுனைக்குப் போகும். அங்கே எல்லோரும் இறங்க வேண்டும்; பணியாட்கள் வண்டியைத் தள்ளி மேட்டின்மீது ஏற்றித் திருப்பி விடுவார்கள். வேகம் மணிக்கு சுமார் 6 மைல். கட்டணம் 5 சென்ட். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் சிறுவன் அதைவிட விரைவாகப் போய்விடுவான். ஆயினும் ஜனங்கள் அதில் ஏறுவதற்குத் திரண்டு வந்தார்கள். அந்த வண்டியின் எஞ்சின் எது? படியேறி வந்த பிரயாணிகளின் கால்களும், தள்ளிய ஆட்களின் தோள்களும்தாம்!

மறு ஆண்டே, பிரயாணிகள் அமர்ந்தபடியே வண்டியை இயந்திரத்தால் மேட்டுக்கு இழுத்தேற்றும் முறை அதே கோனி தீவில் வந்துவிட்டது. நீராவியின் இடத்தைப் பின்னர் மின்சார மோட்டார் பிடித்துக்கொண்டது. இன்றும் பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் நடப்பது இதுவே. முதல் மேட்டின் சரிவில், தண்டவாளங்களின் நடுவே ஒரு முடிவில்லாச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது. தரையில் அசையாமல் நிற்கும் மோட்டார் அதைச் சுழற்றுகிறது. வண்டியின் அடியில் உள்ள கொக்கி சங்கிலியைப் பற்றிக்கொள்ள, வண்டி மெதுவாக மேலேறுகிறது. உச்சியைத் தாண்டியதும் கொக்கி விடுபடுகிறது. அந்தக் கணத்தோடு மின்சாரத்துக்கும் வண்டிக்கும் உள்ள உறவு அற்றுப் போகிறது. பிறகு நடப்பதெல்லாம் பூமியின் ஈர்ப்பு நடத்தும் நாடகம். உயரத்தில் சேர்த்துவைத்த நிலைச்சக்தி, இறக்கத்தில் இயக்கச்சக்தியாகவும், ஏற்றத்தில் மீண்டும் நிலைச்சக்தியாகவும் மாறி மாறி வருகிறது. உராய்வும் காற்றும் ஒவ்வொரு மேட்டிலும் சிறிது சுங்கம் வசூலித்துவிடுவதால், பின்வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; பென்சிலும் தாளும் கையில் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆட்களோடு 10 டன் எடையுள்ள வண்டியை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோகிராமை 9.8 ஆலும் 40 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 39 லட்சம் ஜூல் வருகிறது. நம் வீட்டு மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். எனவே, உராய்வை விலக்கிப் பார்த்தால், 10 டன் வண்டியை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரமே போதும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் சூடேற்றும் செலவு அது. அந்த 40 மீட்டரிலிருந்து உருண்டு இறங்கும் வண்டி அடிவாரத்தில் பெறும் வேகமோ விநாடிக்கு 28 மீட்டர். மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். வண்டியின் எடை இக்கணக்கில் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பது உயரமே. வேகம் இரு மடங்கு வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. வண்டி பாதி மேட்டில் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால்? சங்கிலி நிற்கும், அல்லது அறுந்தே போகலாம். வண்டி பின்னோக்கி உருண்டு ஓடாதா? ஓடாது. சரிவு நெடுகிலும் பற்கள் வெட்டப்பட்ட இரும்புப் பட்டை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் அடியில் தொங்கும் இரும்பு நாக்கு, மேலேறும்போது ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிறது. பின்னோக்கி நகர முயன்றால் அருகிலுள்ள பல்லில் சிக்கி நிறுத்திவிடுகிறது. மேட்டில் ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ என்ற ஓசை அந்த நாக்கின் ஓசையே. புதிதாக ஏறியவர்கள் அதைக் கேட்டு நெஞ்சு படபடக்கிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டாம் என்று அந்த ஓசைதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோனி தீவில் 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு இன்றும் ஓடும் ‘சைக்ளோன்’ என்னும் 85 அடி உயர ரோலர் கோஸ்டர் இவ்வாறு சங்கிலியால் ஏற்றப்படுவதே. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1912 முதல் ஓடும் மற்றொரு பழைய ரயிலில், வண்டியின் நடுவே ஒரு பணியாளர் நின்றுகொண்டு தம் கையாலேயே பிரேக்கை இயக்குகிறார். ஏற்றுவதற்கு இயந்திரம், அடக்குவதற்கு மனிதக் கை!

மோட்டார் தரையில் இருக்கும் முறை இது. அதையே வண்டிக்குள் வைத்தால் என்ன? அப்படிப்பட்டவையும் உண்டு. ஜெர்மனியில் ரூஸ்ட் என்னும் ஊரிலுள்ள யூரோப்பா பார்க் பூங்காவில் 1984 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘ஆல்ப்ஸ் எக்ஸ்பிரஸ்’ அவ்வகையைச் சேர்ந்தது. அதைச் செய்த மாக் குடும்பத்தார் வண்டி கட்டும் தொழிலைப் பல தலைமுறைகளாக நடத்தி வருபவர்கள். இவ்வகை வண்டியின் பெட்டிகளுக்கு அடியில் மின்சார மோட்டார்கள் இருக்கின்றன. தண்டவாளத்தை ஒட்டி மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள் பாதை முழுவதும் செல்கின்றன. வண்டியிலிருந்து நீண்டிருக்கும் தொடுகட்டை அப்பட்டையை உரசிக்கொண்டே சென்று மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நம் மின்சார ரயில் மேலே செல்லும் கம்பியிலிருந்து பெறுவதை இது பக்கத்திலிருந்து பெறுகிறது என்பதே வேறுபாடு.

இதில் முதல் மேட்டுக்கு அவசியமே இல்லை. பள்ளத்திலிருந்தே புறப்பட்டு, சுருள் வடிவில் மேலேறி, மீண்டும் மீண்டும் அதே பாதையில் இரண்டு மூன்று சுற்று வரலாம். வேகத்தை ஓட்டுநர் மேடையில் இருந்தபடியே கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பிடிப்பே இதன் எல்லை. சரிவு மிகுந்தால் சக்கரம் வழுக்கும். மழைநாளில் இன்னும் வழுக்கும். மோட்டாரின் எடையையும் வண்டியே சுமக்க வேண்டும். ஆதலால் இவை மணிக்கு 40, 50 கிலோமீட்டர் அளவில் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து ஏறும் வண்டிகளாகவே நின்றுவிட்டன. கோஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே எஞ்சினின் உதவியின்றி உருண்டு செல்வது என்று பொருள். ஆதலால் மோட்டார் வைத்த வண்டியைக் கோஸ்டர் என்று அழைக்கலாமா என்று சண்டையிடும் அன்பர்களும் இருக்கிறார்கள். சண்டை அவர்களுக்கு, சவாரி குழந்தைகளுக்கு. மின்சாரம் நின்றால் இந்த வண்டி என்ன செய்யும்? உந்துதல் இழந்து வேகம் குறைந்து நின்றுவிடும். வேகம் சிறியது, உயரமும் சிறியது. ஆகவே அபாயமும் சிறியது.

மூன்றாவது முறையே இக்காலத்தின் பெரும் புதுமை. பூங்காக்காரர்களுக்கு ஓர் ஆசை பிறந்தது: மேட்டில் ஊர்ந்து ஏறாமல், நின்ற நிலையிலிருந்து வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல வண்டியைப் பாயச் செய்ய வேண்டும் என்பது. இங்கேதான் சக்தி வேறு, திறன் வேறு என்னும் பௌதிகப் பாடம் உயிர் பெறுகிறது. நம் 10 டன் வண்டிக்கு வேண்டியது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம் என்று கண்டோம். சங்கிலி அதை 40 விநாடிகளில் கொடுத்தால், சுமார் 130 குதிரைத்திறனுள்ள மோட்டார் போதும். அதே சக்தியை 4 விநாடிகளில் கொடுக்க வேண்டுமென்றால் 1,300 குதிரைத்திறன் வேண்டும்! செய்யும் வேலை ஒன்றே. அவசரத்துக்குத்தான் இந்த விலை. ஊருக்கு வரும் மின்சாரத்திலிருந்து இவ்வளவை ஒரே இழுப்பில் இழுத்தால் அக்கம்பக்கத்து விளக்குகள் மங்கிப்போகும். அமெரிக்காவில் ஆர்லண்டோ நகரில் 1999 ஆம் ஆண்டில் திறந்த ‘ஹல்க்’ என்னும் ரோலர் கோஸ்டரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கனத்த சுழல்சக்கரங்களை இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் மெல்ல மெல்லச் சுழலச் செய்து அவற்றில் சக்தியைச் சேமித்தார்கள். வண்டி புறப்படும்போது அதைச் சில விநாடிகளில் மின்சாரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிறுவாடு சேர்த்து ஒரே நாளில் செலவழிப்பது போன்ற காரியம். பாதையின் அடியில் வரிசையாக அமைத்த ரப்பர் டயர்கள் சுழன்று அவ்வண்டியை உந்தின.

டயருக்கு உராய்வு வேண்டும், தேய்மானமும் உண்டு. ஒன்றையொன்று தொடாமலே தள்ள முடியுமா? முடியும் என்பதற்கு விடை நெசவுத்தறியின் பக்கத்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எரிக் லெய்த்வெயிட் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், தறியில் குறுக்கே ஓடும் நாடாவை அடித்துத் தள்ளாமல் காந்த விசையால் ஓட்டலாமா என்று ஆராயத் தொடங்கி, நேர்கோட்டு மோட்டார் என்னும் துறையைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகவே ஆக்கிக்கொண்டார். அவர் காலமான 1997 ஆம் ஆண்டிற்குள் ரோலர் கோஸ்டரை நேர்கோட்டு மோட்டார் பிடித்துக்கொண்டுவிட்டது.

நேர்கோட்டு மோட்டார் என்பது யாது? சாதாரண மின்சார மோட்டாரில் வெளியே கம்பிச்சுருள்கள் வட்டமாக நிற்கின்றன. உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. சுருள்களில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் வட்டமாகச் சுழன்று உருளையையும் கூடவே இழுத்துச் செல்கிறது. இப்பொழுது சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல் அந்த வட்டத்தை வெட்டி நீளவாக்கில் விரித்துவிடுவதாக எண்ணுங்கள். சுருள்கள் வரிசையாகத் தரையில் கிடக்கும். காந்தப்புலம் சுழல்வதற்குப் பதிலாகக் கடலலை கரையோரமாக ஓடுவதுபோல நேராக ஓடும். அதன் எதிரே ஓர் அலுமினியத் தகட்டை வைத்தால், ஓடும் புலம் தகட்டில் மின்னோட்டங்களைத் தூண்டும். பாரடே 1831 இல் கண்டறிந்த அதே தூண்டல்தான். தூண்டப்பட்ட மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, தகடு அலையோடு இழுபட்டு ஓடுகிறது. அத்தகட்டை வண்டியின் அடியில் பொருத்திவிட்டால் வண்டியே ஓடுகிறது! மோட்டாரின் ஒரு பாதி பாதையில். மறு பாதி வண்டியில். அமெரிக்காவில் ஒஹையோ, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலப் பூங்காக்களில் 1996 ஆம் ஆண்டில் திறந்த ‘பிளைட் ஆஃப் ஃபியர்’ என்னும் இரட்டை ரோலர் கோஸ்டர்கள் இம்முறையில் 4 விநாடிகளில் மணிக்கு 54 மைல் வேகத்தை எட்டின.

தகட்டுக்குப் பதிலாக வண்டியில் நிலைக்காந்தங்களைப் பொருத்துவது மற்றொரு வகை. முந்தைய வகையில் தகடு எப்போதும் அலைக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். அதனால் சக்தி வெப்பமாக வீணாகும். காந்தமோ அலையோடு கைகோத்து ஒரே நடையில் ஓடும். ஆனால் வண்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் அறிந்து, உரிய சுருளில் உரிய நேரத்தில் மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். அந்த வேலையைக் கருவிகளும் கணிப்பொறியும் கவனித்துக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் 1997 இல் திறக்கப்பட்ட ‘சூப்பர்மேன்’ வண்டி இம்முறையில் 7 விநாடிகளில் மணிக்கு 100 மைல் வேகம் பெற்று, 415 அடி உயரமான கோபுரத்தின்மீது செங்குத்தாக ஏறி, அதே வழியே திரும்பி விழுந்தது. கோபுரத்தின் உச்சியில் வண்டி வெளியே பறந்துவிடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். 100 மைல் என்பது விநாடிக்கு 44.7 மீட்டர். அவ்வேகத்தில் புறப்பட்ட எப்பொருளும் ஏறக்கூடிய உயரம் 102 மீட்டர். கோபுரமோ 126 மீட்டர். வண்டி உச்சியை அடையவே முடியாது. இதைவிட நேர்மையான தடுப்பை நான் அறியேன். அந்த வண்டி இப்போது ஓடுவதில்லை. 2024 க்குப் பின் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதே ஆண்டில், ஒஹையோவில் ‘டாப் திரில் 2’ என்னும் வண்டி வந்தது. அதை மூன்று தவணைகளில் உந்துகிறார்கள்: முன்னோக்கி ஒன்று, திரும்பி வரும்போது பின்னோக்கி ஒன்று, மறுபடி முன்னோக்கி ஒன்று. ஊஞ்சலில் குழந்தையை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தள்ளித் தள்ளி உயர்த்துகிறோமே, அந்த யுக்திதான். மூன்றாம் தள்ளலில் மணிக்கு 120 மைல் வேகம் பெற்று 420 அடி உயரத்தைக் கடக்கிறது.

நேர்கோட்டு மோட்டார் தள்ளும் வேளையில் மின்சாரம் நின்றால்? அல்லது எதிர்க்காற்று வேகத்தைத் தின்றுவிட்டால்? வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே பின்னோக்கிப் பாயும். இவ்வகை ரோலர் கோஸ்டரில் அது எதிர்பார்க்கப்பட்ட நிகழ்ச்சியே. புறப்படும் பாதையின் நெடுகிலும் செப்புத் தகடுகள் அமைக்கப்பட்டிருக்கும். வண்டி புறப்படும்போது அவை கீழே தாழ்ந்து வழிவிடும். வண்டி கடந்ததும் மேலெழுந்து நிற்கும். திரும்பி வரும் வண்டியின் காந்தங்கள் இத்தகடுகளைத் தாண்டி ஓடும்போது தகடுகளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கிறது. லென்ஸ் விதி என்று நீங்கள் படித்தது இதுவே. எவ்வளவு வேகமாக வந்தாலும் வண்டி தேனில் விழுந்த ஈபோல் வேகம் தளர்ந்துவிடும். இந்த பிரேக்குக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். தேய்ந்துபோகும் கட்டையும் வேண்டாம். மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. ஒரே ஒரு குறை: வேகம் குறையக் குறைய எதிர்ப்பும் குறைவதால், வண்டியை முற்றிலும் நிறுத்த இதனால் இயலாது. கடைசிச் சில அடிகளுக்கு உராய்வு பிரேக் தேவைப்படுகிறது. அதையும் காற்றழுத்தம் திறந்து வைத்திருக்கும். சுருள்வில் மூட முயன்றுகொண்டே இருக்கும். காற்று போனாலும் மின்சாரம் போனாலும் பிரேக் தானே மூடிக்கொள்ளும்.

ஒரே பாதையில் பல வண்டிகள் ஓடும்போது ஒன்றோடொன்று மோதாமல் காப்பதற்கு ரயில்வேயின் பழைய விதியைக் கைக்கொள்கிறார்கள். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும் வரை அடுத்த வண்டியை உள்ளே விடுவதில்லை. இதை மதியாததால் நேர்ந்த கொடுமையையும் நீங்கள் அறிய வேண்டும். இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்னும் ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 2015 ஜூன் 2 ஆம் தேதி, சோதனைக்காக அனுப்பிய காலி வண்டி ஒன்று, பலத்த காற்று வீசிய அந்நாளில், சுற்றை முடிக்க இயலாமல் பள்ளத்தில் நின்றுவிட்டது. கணிப்பொறி அதை அறிந்து, 16 பேருடன் பின்னால் வந்த வண்டியைச் சரியாகவே மேட்டில் நிறுத்திவிட்டது. பாதையில் வேறு வண்டி இருப்பதை அறியாத பணியாளர்கள், கருவிதான் தவறுகிறது என்று எண்ணி, அதன் தடையை மீறி வண்டியை விடுவித்தார்கள். வண்டி காலி வண்டியின்மீது மோதியது, பலர் கொடுங்காயமுற்றார்கள், இரண்டு இளம் பெண்கள் தலைக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு மறு ஆண்டில் நீதிமன்றம் 50 லட்சம் பவுன் அபராதம் விதித்தது. வண்டி ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்து, பாதை முழுவதையும் ஒரு முறை கண்ணால் பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். தடையை மீறுவதற்குரிய ஒழுங்கான முறையை ஏற்படுத்திக் கொடுக்காதது நிர்வாகத்தின் குற்றம் என்றே நீதிமன்றமும் கண்டது.

காந்த பிரேக்கைக் காண நீங்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரு முழம் நீளமுள்ள செம்புக் குழாய் அல்லது கனமான அலுமினியக் குழாய் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அதனுள் தாராளமாக நுழையும் சிறிய, வலிமை மிக்க நிலைக்காந்தம் ஒன்று வேண்டும். பழுதடைந்த ஒலிபெருக்கியிலோ கடையிலோ கிடைக்கும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, முதலில் காந்தத்தின் அளவேயான ஒரு கூழாங்கல்லைப் போடுங்கள். அடுத்த கணமே கீழே விழுந்துவிடும். பிறகு காந்தத்தைப் போடுங்கள். குழாயில் அது ஒட்டாது. செம்பும் அலுமினியமும் காந்தத்தால் கவரப்படுபவை அல்ல என்பதை முன்னரே தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயினும் காந்தம் மெதுவாக மிதந்து இறங்குவதை மேலிருந்து பார்த்தால் தெரியும். கைக்கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு நீளவாக்கில் பிளவு செய்த குழாய் ஒன்றிலும் இதே சோதனையைச் செய்து, இரண்டு நேரங்களும் ஏன் வேறுபடுகின்றன என்று உங்கள் பௌதிக ஆசிரியரிடம் கேளுங்கள்.